பேசினால் போதும்

நிரலில் அந்த ஒற்றை வரியை எழுதுவதற்குப் புள்ளிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுதி முடித்ததும், தன் வழக்கப்படி, அதன் பொருளையும் பக்கத்திலேயே தமிழில் குறித்துவைத்தாள்: ‘பேசினால் போதும்.’ கைபேசியில் அனுப்பும் ஒரு சொல் செய்திக்குக்கூட முற்றுப்புள்ளி வைக்கிற பிறவி அவள். வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டியில் அந்த ஆண்டுக்குக் கொடுத்திருந்த பொருள், தனியாக வாழும் முதியவர்களுக்கு உதவும் இயந்திரம். அணிக்கு மூன்று பேர். செய்த இயந்திரத்தை ஓர் உண்மையான வீட்டில், உண்மையான ஒரு முதியவரோடு, மூன்று வாரம் ஓடவிட்டு அதன் பதிவேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். புள்ளியின் அணியில் கைவேலைக்கு ஸ்க்ரூ இருந்தான். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் திருப்புளி வைத்திருப்பவன். மேடையில் பேசுவதற்கு வானொலி இருந்தாள். அவளை நிறுத்தும் குமிழ் எங்கே இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நிரல் எழுதும் பொறுப்பு புள்ளியுடையது. முதியவரைத் தேட வேண்டிய அவசியம் எழவில்லை. புள்ளிக்கு ஓர் அத்தை இருந்தார்.

அப்பாவின் அக்கா, எழுபத்தொரு வயது. மாமா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தொரு ஆண்டு ஆபரேட்டராக இருந்தவர். ஒவ்வோர் இணைப்பையும் மனிதக் குரல் கேட்டு, மனிதக் கை கொடுத்த காலத்தில், இரைச்சலுக்கு நடுவே எட்டு இலக்க எண்ணை ஒரே மூச்சில் பிசகாமல் சொல்வதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்களாம். இன்றைக்கும் யாராவது தொலைபேசியில் எண்ணை வேகமாகச் சொன்னால், “இலக்கத்தை முழுங்காதே, வெளிய துப்பு” என்பார். தன் முழங்கால், கண், பல் எல்லாவற்றையும் கேலி செய்யும் அவர், தன் குரலைப் பற்றி மட்டும் விளையாட்டாகப் பேசியதில்லை. எஞ்சியிருக்கும் சொத்து அது ஒன்றுதான் என்பதுபோல வைத்திருந்தார்.

இயந்திரத்துக்கு விண்ணப்பப் படிவத்தில் ஒன்பது சொற்களில் ஒரு பெயர் இருந்தது. அத்தை முதல் நாளே அதை ‘வாளி’ என்றார். கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் வாளியின் அடியில் மூன்று சக்கரங்களைப் பொருத்தியிருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை. அதன் வேலை எளிமையானது. அத்தையின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அவர் விழுந்தால் பட்டை அதிர்வை உணரும், வாளி உருண்டு அவரருகே வந்து, “அத்தை, நல்லாயிருக்கீங்களா?” என்று கேட்கும். அவர் ‘நலம்’ என்று சொன்னால் “சரி அத்தை, சந்தோஷம்” என்று விலகிக்கொள்ளும். சொல்லாவிட்டால் அப்பாவின் கைபேசிக்கும் புள்ளியின் கைபேசிக்கும் அழைப்புப் போகும். அவர் எழுந்து நடமாடும் வரைக்கும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்டுக்கொண்டிருக்கும். குரல் பழகியதாக இருந்தால் நல்லது என்று இயற்பியல் மிஸ் சொன்னதால் அந்த இரண்டு வாக்கியங்களையும் புள்ளியே தன் குரலில் பதிந்திருந்தாள்.

முதல் வாரத்தில் அழைப்பு பதினொரு முறை போனது. அத்தை விழுந்தது ஒருமுறைகூட இல்லை. கட்டிலில் தொப்பென்று உட்காருவார், ஈரத்துணியை ஓங்கி உதறுவார். வாளி ஓடிவந்து கேட்கும். அத்தை பதில் சொல்லத் தொடங்குவார். சிக்கல் அங்கேதான். ‘நலம்’ என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த இயந்திரத்திடம் அவர் ஒரு சொல்லோடு நிறுத்தியதே இல்லை.

“அத்தை, ‘நலம்’னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அதுக்கு மேல அதுக்குப் புரியாது,” என்று புள்ளி கெஞ்சினாள்.

“நல்லாயிருக்கியான்னு ஒருத்தர் கேட்டா, ஒத்த வார்த்தையில மூஞ்சியில அடிச்ச மாதிரி பதில் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. நான் முப்பத்தொரு வருஷம் மரியாதையா பேசிச் சம்பளம் வாங்கினவ. வாளியா இருந்தா என்ன, கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல?”

போட்டியின் விதித்தாளில் தெளிவாக அச்சிட்டிருந்தது: ஒவ்வொரு வீண் எச்சரிக்கைக்கும் ஐந்து மதிப்பெண் குறையும். பதினொன்றாவது முறை அலுவலகக் கூட்டத்தின் நடுவில் அழைப்பு வந்தபோது அப்பாவும், “ஏம்மா, உங்க போட்டி முடியிறதுக்குள்ள எனக்கு வேலை போயிடும் போலிருக்கே” என்றார். அன்று மாலை புள்ளி யோசித்தாள். மயங்கிக் கிடப்பவர் பேச மாட்டார். பேசுகிறவர் மயங்கவில்லை. ஆகவே எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, குரல் கேட்டால் எச்சரிக்கையை விலக்கிவிடலாம். ஒரு தேற்றத்தை நிறுவியதுபோல நிறைவாக இருந்தது. ஸ்க்ரூ தலையாட்டினான், வானொலி கைதட்டினாள், மிஸ், “எளிமையா இருக்கு, எளிமைதான் அழகு” என்றார். அதற்குப்பின் ஒரு வீண் எச்சரிக்கைகூட எழவில்லை.

இருபதாம் நாள் பிற்பகல் ஒன்று பத்துக்கு அத்தை கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் விழுந்தார். வலது கணுக்கால் முறிந்தது. கைபேசி கூடத்து மேசையில் இருந்தது. ஒழுகும் குழாயைச் சரிபார்க்கலாம் என்று நாலேகாலுக்கு அப்பா தற்செயலாகப் போயிருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் கிடந்திருப்பாரோ, அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா மருத்துவமனையில் இருந்தார். அத்தைக்கு மாற்றுத்துணி எடுத்துவர அன்று மாலை புள்ளி தனியாக அந்த வீட்டுக்குப் போனாள். அலமாரி ஓரமாக, கடமை முடித்த முகத்தோடு, வாளி நின்றிருந்தது. அதன் நினைவு அட்டையை உருவித் தன் கணினியில் போட்டுப் பார்த்தாள். பங்கேற்பவர் வீட்டுக் குரலைப் பதிவுசெய்யக்கூடாது என்பது போட்டியின் விதி. அதனால் பேச்சு இல்லை, நேரமும் நொடிக்கணக்கும் மட்டுமே இருந்தன. ஒன்று பத்து: கேள்வி. பதில் கிடைத்தது, ஆறு நொடி. நிலை: இயல்பு. ஒன்று இருபது: கேள்வி. பதில் கிடைத்தது, ஒன்பது நொடி. நிலை: இயல்பு. அப்படியே நாலு பத்துவரை பத்தொன்பது வரிகள். பதினொன்றாவது பதில் நாற்பத்தொரு நொடி நீண்டிருந்தது. பத்தொன்பதாவது, ஒரே நொடி.

புள்ளி நிரலைத் திறந்து, ‘பேசினால் போதும்’ என்ற அந்த வரியை நீக்கினாள். இனிக் குரல் கேட்டால் வாளி உடனே அழைக்கும், இருபது நொடி குரல் கேட்காவிட்டாலும் அழைக்கும். வேண்டாம் என்றால் ஒரு பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்றி எழுதி, இரண்டு முறை சோதித்துப் பார்ப்பதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று. பிறகு அத்தையின் புடவைகளை மடித்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த அத்தை அவளைக் கண்டதும் முதலில் கேட்டது இது: “உங்க வாளி நல்லாயிருக்கா? நான் ஏதாவது கெடுத்துட்டேனா?”

“இல்ல அத்தை.”

“அது பாவம், வந்து வந்து கேட்டுது. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அதுக்குப் புரியல. எனக்குத்தான் வாய் குழறியிருக்கும்.” அப்பா பக்கம் திரும்பினார். “தம்பி, இந்தப் பொண்ணைத் திட்டாதே. அது மேல தப்பில்ல. நான்தான் ஒழுங்கா சொல்லல.”

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் பின்னால் வாய்க்கவே இல்லை. அப்பா இருந்தார், அத்தை கேட்டுக்கொண்டிருந்தார், வாக்கியமும் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது: ‘அத்தை, நான் எழுதினதுதான் தப்பு.’ எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்த வாக்கியம். அந்த நேரம் பார்த்துச் செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்க வந்தார். அவர் போனபிறகு புள்ளி, “வலி எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

அணியிலும் அதே கதைதான். “பட்டையைக் கழட்டி வெச்சிருந்தாங்களா?” என்று ஸ்க்ரூ கேட்டான். “தெரியல,” என்றாள் புள்ளி. வாளியின் பக்கவாட்டில், தரையில் கிடப்பவருக்கும் எட்டும் உயரத்தில் ஒரு பச்சைப் பொத்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, “மேம்பாடு,” என்றாள். அவன் பழைய விளையாட்டு இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய பச்சைப் பொத்தானைப் பெருமையோடு பொருத்திக் கொடுத்தான்.

மறுநாள் அத்தை வீடு திரும்பினார். பகலுக்குத் துணையாக ஒரு பெண்மணியை அமர்த்தினார்கள். இரவுக்கு அப்பா போனார். பள்ளிவிட்டுத் தினமும் போய்ப் பார்க்கும் வேலையைப் புள்ளி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். அத்தை விழுந்த மூன்றாம் நாள் போனபோது உள்ளே தொலைக்காட்சிச் செய்தி ஓடுவதுபோல் கேட்டது. அத்தைதான். செய்தித்தாளை விரித்துவைத்துத் தலைப்புகளை ஒவ்வொன்றாக, அசை அசையாக, உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

“காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்,” என்று துணைக்கு இருந்த பெண்மணி சமையலறையில் இரகசியமாகச் சொன்னார். “பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்டுட்டாரு, டிவி ரிப்பேரான்னு.”

ஐந்தாம் நாள் அத்தை கைபேசியை எடுப்பதை நிறுத்தினார். மணி அடித்தால் துணைக்கு இருப்பவரிடம் நீட்டினார். ஆறாம் நாள், கால் பரிசோதனைக்குப் போன இடத்தில், நாக்கையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். நாக்கில் ஒரு குறையும் இல்லை, பேச்சு மணிமணியாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

“அவருக்கு என்ன, மூணு நிமிஷம் பேசறாரு, அனுப்பிடறாரு,” என்றார் அத்தை. “மனுஷங்க முகம் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்கடி. பாதியை நாம சொன்னா மீதியை அவங்களே போட்டுக்குவாங்க. மெஷின் அப்படியில்ல. உள்ளதை உள்ளபடி கேக்கும். அதுக்கே புரியலைன்னா என் குரல் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?” பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “வணக்கம். உங்களுக்கு எந்த எண் வேண்டும்?” என்றார். கண்ணாடிக் குவளையைச் சுண்டியதுபோல் இருந்தது. “எப்படி இருக்கு? பொய் சொல்லாம சொல்லு, மருமகளே.”

புள்ளி அந்த முகத்தைப் பார்த்தாள். தேர்வுத்தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்பவரின் முகம் அது. இப்போது சொன்னால், ஏன் ஆறு நாளாகச் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். முதல் நாள் தவறு ஒன்றாக இருந்தது. நாளுக்கு ஒன்றாகக் குட்டி போட்டு இப்போது ஏழாகியிருந்தது. எதிலிருந்து தொடங்குவது?

“நல்லாத்தான் இருக்கு அத்தை,” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இன்னும் கொஞ்சம் மெதுவா பேசினா போதும்.”

“பார்த்தியா,” என்றார் அத்தை. “எனக்குத் தெரியும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தித்தாளை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து, இன்னும் கொஞ்சம் மெதுவாக, படிக்கத் தொடங்கினார்.

புள்ளி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். அங்கே நின்றாள். திரும்பிப் போகவில்லை.

இறுதிச்சுற்று, அத்தை விழுந்த பன்னிரண்டாம் நாள், ஓர் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. பதினோரு அணிகள். மாத்திரை எடுத்துத் தரும் கைகள், மூக்குக்கண்ணாடி தேடும் வண்டிகள், படியேறத் தெரிந்தும் இறங்கத் தெரியாத ஒரு நாற்காலி. அத்தை சக்கர நாற்காலியில் வந்திருந்தார். வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். புள்ளி இரண்டு முறை சொன்னாள். “என் வீட்டு வாளி மேடையேறுது, நான் வீட்டுல கிடக்கவா?” என்று கேட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாம் வரிசை ஓரத்தில் அப்பா அவரை நிறுத்தியிருந்தார்.

நடுவர்கள் மூவர்: ஒரு பொறியியல் பேராசிரியர், தொழிற்சாலை நடத்தும் ஒருவர், முதியோர் நலனில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரியும் ஒரு செவிலியர். வானொலி மடை திறந்தாள். வீண் எச்சரிக்கை பதினொன்றிலிருந்து பூச்சியத்துக்கு வந்ததைச் சொன்னாள். பச்சைப் பொத்தானைச் சொன்னாள். அடுத்து, அத்தையும் வாளியும் நாளுக்கு எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்ற வரைபடத்தைத் திரையில் போட்டாள். பதிவேட்டை அவள், அத்தை விழுந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், அப்படியே எண்ணிப் போட்டிருந்தாள். முந்தின நாள் புள்ளி அதைப் பார்த்தாள், எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினாள், வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று, நான்கு, இரண்டு என்று குட்டையான கம்பங்கள். இருபதாம் நாளுக்கு மட்டும் பத்தொன்பது.

செவிலியர் பேனாவால் திரையைச் சுட்டினார். “அந்த ஒரு நாள் மட்டும் என்ன அவ்வளவு உயரம்?”

வானொலிக்கு விடை தெரியாத கேள்வி உலகத்தில் கிடையாது. “அன்னிக்கு வெளிய போக முடியாத அளவுக்கு மழை, மேடம். தனியா இருந்திருக்காங்க. நம்ம வாளிகிட்ட மனசு விட்டுப் பேசியிருக்காங்க. இதைத்தான் நாங்க தோழமைன்னு சொல்றோம்.” அடுத்த பக்கத்தில் உண்மையாகவே ‘தோழமை’ என்று பெரிய எழுத்தில் இருந்தது.

செவிலியர் தலையசைத்துக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். புள்ளி மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். கம்பத்தின் அடியில் இருந்த தேதியை அத்தை படித்துவிட்டார் என்பது தெரிந்தது. திரையையும் தன் கட்டுப்போட்ட காலையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வானொலியைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, மெல்லத் தலை தாழ்த்தினார். நன்றி சொல்கிறார். பத்தொன்பது முறையும் தான் குழறியதைச் சபையில் சொல்லாமல் இந்தப் பிள்ளைகள் மூடி மறைக்கிறார்கள் என்று நினைத்து, அதற்கு நன்றி சொல்கிறார்.

“மேடம், அது இல்ல,” என்றாள் புள்ளி. ஒலிவாங்கி வானொலியின் கையில் இருந்ததால் முதல் வரிசையைத் தாண்டிக் கேட்கவில்லை. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். “அது இல்ல. அன்னிக்கு மழையே பெய்யல. அவங்க விழுந்து கிடந்தாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இது போய் நல்லாயிருக்கீங்களான்னு கேட்டிருக்கு. அவங்க ஒவ்வொரு தடவையும் உதவி கேட்டிருக்காங்க. யார் எது பேசினாலும் நல்லாயிருக்காங்கன்னு எடுத்துக்கற மாதிரி நான்தான் எழுதியிருந்தேன். வீண் எச்சரிக்கை பூச்சியமானதும் அதனாலதான்.”

ஸ்க்ரூ பச்சைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றான். அது எதற்கு என்று அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

“எவ்வளவு நேரம் கிடந்தாங்க?” என்று செவிலியர் கேட்டார்.

“மூணு மணி நேரம்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கு சாயங்காலமே.”

“அவங்களுக்கு?”

புள்ளி மூன்றாம் வரிசையைப் பார்க்கவில்லை. “இப்பதான்,” என்றாள்.

நடுவர்கள் விதித்தாளைப் புரட்டினார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் புரட்டினார். வீண் எச்சரிக்கைக்கு ஐந்து மதிப்பெண் குறைக்கலாம். எழவேண்டிய எச்சரிக்கை எழாமல் போனால் எவ்வளவு குறைப்பது என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. செவிலியர் வெகுநேரம் தாழ்ந்த குரலில் வாதாடினார். இல்லாத கட்டத்தில் எதையும் எழுத முடியாது என்று முடிவாயிற்று. புள்ளியின் அணிக்கு இரண்டாம் பரிசு.

கோப்பையை வாங்க மூவரும் மேடையேறியபோது வானொலி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கும்போதுதான், “நான் மழைன்னு சொன்னேனே,” என்றாள். அவள் குரல் அவ்வளவு சிறியதாகப் புள்ளி கேட்டதில்லை. மிஸ் தோளைத் தட்டி, “உண்மையைச் சொன்ன பாரு, அதுதான் பெரிசு” என்றார். பன்னிரண்டு நாள் தாமதமாகச் சொன்ன உண்மைக்கு அது தகுந்த சொல் இல்லை என்று புள்ளிக்குத் தோன்றியது. திருத்தவில்லை.

காரில் அத்தை முன்னிருக்கையில் உட்கார்ந்தார். அப்பா ஒருமுறை, சிக்னலில் நின்றபோது, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். பார்த்ததோடு சரி.

வீட்டு வாசலில் அத்தை முதல் வாக்கியத்தைச் சொன்னார். “கப்பு வெளியிலயே இருக்கட்டும். வாளியை உள்ள கொண்டா.”

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். வாளி கூப்பிட்டால் எடுக்க வேண்டாம் என்று சொல்லி அப்பாவைக் கடைக்கு அனுப்பினார்; வாங்கிவர ஒன்றுமில்லை என்பது அப்பாவுக்கும் தெரியும், போனார். புள்ளி அலமாரி ஓரமாக நின்றாள். வாளி நின்ற அதே இடம்.

“பன்னெண்டு நாள்,” என்றார் அத்தை.

“ஆமா அத்தை.”

“நான் பேப்பர் படிச்சதைக் கேட்டுக்கிட்டு நின்ன.”

“ஆமா.”

“மெதுவா பேசினா போதும்னு சொன்ன.”

புள்ளி தலையசைத்தாள்.

“வாயால சொல்லு. தலையாட்டினா எனக்குக் கேக்காது.”

“சொன்னேன் அத்தை. தப்பு. விழுந்ததைவிட அதுதான்...” வாக்கியம் முடியவில்லை. முடிக்காமல் விட்ட வாக்கியங்களை அவள் மற்றவர்கள் தாளில் சிவப்பு மையால் வட்டமிடுவாள்.

“உடைஞ்சது என் கால். அது ஒட்டிடும்,” என்றார் அத்தை. “நேத்திக்கு என் பழைய சிநேகிதி போன் போட்டா. எடுக்கல. குழறலைக் கேட்டுட்டுப் பாவப்படுவாளேன்னு எடுக்கல.” மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டார். “சரி. சமையல்கட்டுக்குப் போ. கதவைச் சாத்திக்கோ. போன் வந்தா எடு.”

புள்ளி போனாள். கதவுக்கு அப்பால் கட்டிலின் மரச்சட்டத்தில் கை மோதும் ஓசை கேட்டது. சக்கரங்கள் உருண்டன. அவளுடைய குரலே கேட்டது: “அத்தை, நல்லாயிருக்கீங்களா?” அத்தை ஏதோ சொன்னார். அடுத்த கணம் புள்ளியின் கையில் கைபேசி அதிர்ந்தது.

“கேக்குதா?” என்றது வாளி வழியாக வந்த அத்தையின் குரல். இரைச்சல் இல்லை, குழறல் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக வந்து நின்றது.

“கேக்குது அத்தை.”

“அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு யாருக்கும் தெரியாதுன்னு நீங்க எல்லாம் நினைச்சீங்க. எனக்குத் தெரியும். நான் ஆபரேட்டர், பேசினது மறக்காது. வரிசையா சொல்றேன். குறுக்கப் பேசாம கேளு. முதல் தடவை: ‘வாளி, நான் விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. தம்பிக்குப் போன் போடு.’”

ஆறு நொடி.

“அதுக்கு அது, ‘சரி அத்தை, சந்தோஷம்’னுது. ரெண்டாவது: ‘விழுந்துட்டேன்னு சொல்றேன், சந்தோஷம்ங்கிறியே? காலு வலிக்குது. தம்பியைக் கூப்பிடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்.’”

புள்ளி சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளாக அவள் வெறும் நொடிகளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பட்டியலில் ஒவ்வொரு வரியாகச் சொற்கள் வந்து அமர்ந்தன. ஐந்தாவது முறை அத்தை வாளியைத் திட்டியிருந்தார். “அது உன் வயசுக்கு வேண்டாம்,” என்றார். கொஞ்சம் யோசித்து, “இல்ல, கேட்டுக்கோ,” என்று அதையும் சொன்னார். புள்ளி அந்தச் சொல்லை அத்தையின் வாயிலிருந்து கேட்டதே இல்லை. எட்டாவது: “கண்ணு, இது உன் குரல்தானே. உனக்குமா கேக்கல?”

“பதினொண்ணாவது,” என்றார் அத்தை. “நான் சரியா சொல்லலையோன்னு அப்பத்தான் முதல்ல தோணிச்சு. அதனால ஆபீஸ்ல சொல்ற மாதிரி சொன்னேன்.” அப்பாவின் கைபேசி எண்ணைச் சொன்னார், இலக்கத்துக்கு இலக்கம் இடைவெளி விட்டு. மறுபடியும் ஒருமுறை சொன்னார், எதிர்முனையில் எழுதிக்கொள்பவருக்கு நேரம் கொடுத்து. பிறகு வீட்டு இலக்கம், தெரு, எந்தக் கதவு, எந்த அறை. கடைசியில், “எழுதிக்கிட்டீங்களா? திருப்பிச் சொல்லுங்க.”

நாற்பத்தொரு நொடி. அதன் பிறகு பதில்கள் சுருங்கிக்கொண்டே போயின. ‘தண்ணி.’ ‘யாராவது வாங்க.’ ஒருமுறை அப்பாவின் செல்லப்பெயர் மட்டும். ஒருமுறை வெறும் முனகல். அதையும் அத்தை ஒளிக்காமல் அப்படியே செய்துகாட்டினார்.

“பத்தொன்பதாவது என்னன்னு தெரியுமா?”

ஒரு நொடி என்று மட்டும் புள்ளிக்குத் தெரியும். “தெரியாது அத்தை.”

“‘நலம்.’”

ஏன் என்பதையும் அத்தையே சொன்னார். “என்ன சொன்னாலும் அதுக்குச் சந்தோஷம்தான். மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல. நீ சொல்லிக் குடுத்த வார்த்தை ஞாபகம் வந்துது. அதையே குடுத்து அனுப்பிட்டேன்.” பிறகு, இணைப்பகத்தில் எத்தனையோ ஆயிரம் முறை சொல்லியிருக்கக்கூடிய அதே நிதானத்தில், “அவ்வளவுதான். வெச்சுடலாம்,” என்றார். இணைப்பு அறுந்தது.

புள்ளி எழுந்திருக்கவில்லை. அப்பா சரிசெய்த குழாய் இப்போது ஒழுகவில்லை. கதவுக்கு அப்பால் செய்தித்தாள் மடிக்கும் ஓசை கேட்டது. படிக்கும் குரல் கேட்கவில்லை. உள்ளே போகலாமா, போனால் என்ன சொல்வது என்று அவள் பத்து நிமிடம் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஏனெனில், சக்கரங்கள் மறுபடியும் உருண்டன.

“அத்தை, நல்லாயிருக்கீங்களா?”

பச்சைப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஓசை வரும். பழைய விளையாட்டு இயந்திரத்துப் பொத்தான், அடுத்த அறை வரை கேட்கும். புள்ளி அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஓசை வரவில்லை. பேச்சும் வரவில்லை. இருபது நொடி கழித்து அவள் கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது.

முதல் மணியிலேயே எடுத்தாள்.